வளையம் ஒன்று குறைகிறது

என் கணவர் நூலகர். ஒரு வேலையைச் செய்வதற்கு முன்னால் அதைப் பற்றிப் படிப்பார். படித்து முடித்ததும் அந்த வேலையையே செய்து முடித்துவிட்ட திருப்தி அவருக்கு வந்துவிடும். அப்படித்தான் நாலு லிட்டர் என்ஜின் ஆயில் டப்பாவும், அட்டைப்பெட்டியில் ஒரு புது பில்டரும் மூன்று வாரமாக எங்கள் வீட்டு நடைவழியில் குடியிருந்தன. தினமும் டியூட்டிக்குக் கிளம்பும்போது என் கால் கட்டைவிரல் அந்த டப்பாவில்தான் போய் இடிக்கும். "இன்னைக்கு மாத்திடலாம்" என்பார். நாளையைத்தான் அவர் இன்று என்று சொல்கிறார் என்பது கல்யாணமான முதல் வருஷமே எனக்குப் புரிந்துவிட்டது.

கடைசியில் அந்த இன்று வந்தது ஒரு சனிக்கிழமை. அதே சனிக்கிழமை மூன்று மணிக்குத்தான் எனக்கு டிரைவிங் டெஸ்ட். நாலாவது தடவை.

முதல் மூன்றைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஊர் சிரித்த கதைதான். முதல் தடவை ரவுண்டானாவில் நின்றேன். பதினோரு கார், இரண்டு லாரி, ஒரு சைக்கிள் எல்லாவற்றுக்கும் வழி விட்டேன். பக்கத்து சீட்டில் இருந்த பரிசோதகர் வாட்சைப் பார்த்துவிட்டு, "இன்னைக்குள்ள போயிடுவோமாம்மா?" என்றார். இரண்டாவது தடவை ஒவ்வொரு திருப்பத்திலும் அவரிடமே, "இப்ப போகலாமா சார்?" என்று கேட்டிருக்கிறேன். எனக்கே தெரியாமல் கேட்டிருக்கிறேன். தாளில் எழுதிக் கொடுத்தார்: 'ஓட்டுபவர் தானாக முடிவெடுப்பதில்லை.' மூன்றாவது தடவை வண்டி நகரவே இல்லை. சாவியைத் திருப்பியதும் ஆயில் விளக்கு மஞ்சளாக எரிந்தது, அணையவில்லை. "வண்டியைச் சரி பண்ணிட்டு வாங்க" என்று இறங்கிப் போய்விட்டார்.

நாலாவதிலும் தோற்றால் ஆறு மாசம் கழித்துத்தான் மறுபடி விண்ணப்பிக்க முடியும். எனக்கோ ஆறு நாள்கூடக் கிடையாது. நான் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். அவசர ஆபரேஷன் குழுவுக்குப் பொறுப்பு நர்ஸ் வேலை காலியாகியிருந்தது. ஒன்பது வருஷமாக அந்தக் குழுவில் இருக்கிறேன், எனக்குத்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் பொறுப்பில் இருப்பவர் கூப்பிட்ட அரை மணியில் தானே வண்டி ஓட்டிக்கொண்டு வரவேண்டும், லைசென்ஸ் காட்டவேண்டும் என்று புது விதி போட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடைசி. இல்லையென்றால் எனக்கு நாலு வருஷம் பின்னால் வந்தவளுக்குப் போகும். அவள் கெட்டிக்காரிதான், நான் பொய் சொல்லமாட்டேன். ஆனாலும் வயிறு எரிந்தது.

இதுவரை கூப்பிட்டபோதெல்லாம் என்னைக் கொண்டுபோய் விட்டது அவர்தான். ஒன்பது வருஷத்தில் ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை. அதனால்தான் 'முடிவெடுப்பதில்லை' என்ற அந்த வரி எனக்கு அப்படிச் சுட்டது. தியேட்டருக்குள் என் குரலைக் கேட்டால் பெரிய பெரிய சர்ஜன்களே கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். கார் சீட்டில் உட்கார்ந்ததும் நான் யாரோ ஆகிவிடுகிறேன்.

ஒர்க்‌ஷாப்காரர் ஒரு மாசம் ஆகும் என்று சொல்லிவிட்டார். போகிறபோக்கில் அளவுக் கம்பியை உருவிப் பார்த்து, "இது ஆயிலா, தாரா?" என்று வேறு கேட்டார். குறைந்ததை மட்டும் ஊற்றிவிட்டால் போதாதா என்றதற்கு, "அழுக்குச் சட்டைக்கு இஸ்திரி போட்ட மாதிரிதான்" என்றார். அதன் பிறகுதான் நூலகருக்கு ரோஷம் வந்து, டப்பாவும் பில்டரும் வாங்கி வந்தார். வாங்கி வந்ததோடு சரி.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ரப்பர் கையுறை இரண்டும் மாட்டிக்கொண்டு, காரின் கையேட்டை மார்போடு அணைத்தபடி வாசலில் வந்து நின்றார்.

"இன்னைக்கா?" என்றேன்.

"டெஸ்டு இன்னைக்குத்தானே?"

"மூணு வாரமா என்ன பண்ணினீங்க?"

"படிச்சேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த ஆயில் டப்பாவைத் தூக்கி அவர் தலையில் ஊற்றியிருப்பேன். "நீ உள்ள போய்ப் படு. டெஸ்டுக்கு மனசு அமைதியா இருக்கணும்" என்றார். வீட்டுக்கு நெருப்பு வைத்துவிட்டுக் குளிர்காயச் சொல்கிற ஆள்.

உதவிக்கு என் தம்பியை வரச் சொல்லியிருந்தார். தம்பி குழாய் வேலை செய்பவன். பேர் வைத்தது எதற்கோ, வீட்டில் எல்லோருக்கும் அவன் நண்டு. குழந்தையில் பக்கவாட்டில் தவழ்ந்தானாம். இப்போது ஆறடி இரண்டங்குலம், அதற்கேற்ற அகலம், கதவில் நேராக நுழைய முடியாமல் இன்னமும் பக்கவாட்டில்தான் வருகிறான். பத்து மணிக்கு வருகிறேன் என்றவன் பதினொன்றரைக்கு வந்தான். தோளில் ஒரு பையில் ஸ்பேனர்கள், வண்டியின் முன்சக்கரத்தை ஏற்றி நிறுத்த யாரிடமோ இரவல் வாங்கிய இரும்புச் சாய்தளம் இரண்டு.

"நீ கார் ஆயில் மாத்தியிருக்கியாடா?" என்று கேட்டேன்.

"எண்ணெய் என்ன, தண்ணி என்ன அக்கா? மேல ஊத்தினா கீழ வரணும், நடுவுல ஒழுகக் கூடாது. அவ்வளவுதான் உலகம்."

"ஆழம் தெரியாம காலை விடாத."

"கால் விடலை அக்கா, தலையைத்தான் விடப்போறேன்" என்று சொல்லிவிட்டு, ஏற்றி நிறுத்திய காருக்கு அடியில் மல்லாக்கப் படுத்து நுழைந்தான். முழங்காலுக்குக் கீழே வெளியே நீண்டுகொண்டிருந்தது.

என்னால் உள்ளே போய்ப் படுக்க முடியவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாலே இவர்கள் இரண்டு பேரும் ஏதாவது செய்துவைப்பார்கள். பழைய வெள்ளைப் படுக்கை விரிப்பு ஒன்றைக் கொண்டுவந்து சிமென்ட் தரையில் விரித்தேன். கழற்றிப் போடுவதெல்லாம் இடப்பக்கம், புதிதாகப் போகவேண்டியதெல்லாம் வலப்பக்கம். ஸ்பேனர்களை அளவு வாரியாக மேலே அடுக்கினேன்.

"அக்கா, ஆபரேஷனா பண்றோம்?" அடியிலிருந்து சிரித்தான்.

"நீ பண்ற வேலைக்கு அப்படித்தான் பாக்கணும்."

நான் கேலிக்குச் சொல்லவில்லை. தியேட்டரில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆரம்பிக்கும் முன்னால் இரண்டு பேர் சேர்ந்து, வாய்விட்டு, ஒவ்வொன்றாக எண்ணுவோம். கத்தரி எத்தனை, ஊசி எத்தனை, துணி எத்தனை. சுவரில் இருக்கும் பலகையில் எழுதுவோம். முடிக்கும் முன்னால் மறுபடி எண்ணுவோம். கணக்கு சேர்ந்தால்தான் தையல். ஒருமுறை ஒரு துணி குறைந்தது. பெயர்பெற்ற சர்ஜன், கோபக்காரர், "நான் உள்ள எதையும் விடலை, தையலைக் கொடு" என்று கத்தினார். கொடுக்கமாட்டேன் என்று நின்றேன். பதினெட்டு நிமிஷம் தேடினோம். அது அவருடைய செருப்புக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து அவர் என்னை மட்டும் 'அம்மா' என்று கூப்பிடுவார்.

வேலை என்னவோ நன்றாகத்தான் போனது. என்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடாக்கி அணைத்திருந்தார்கள், ஆயில் இளகி வருவதற்கு. என் கணவர் சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கும் மூக்குக்குமாக ஏற்றி இறக்கி, கையேட்டைப் பிரசங்கம் மாதிரி வாசித்தார். "வடிகால் போல்ட்டை இடப்புறமாகத் திருப்பி, மெதுவாகத் தளர்த்தவும். ஆயில் சூடாக இருக்கக்கூடும்."

"மாமா, அதை நான் இப்பதான் கண்டுபிடிச்சேன்!" அடியிலிருந்து ஒரு அலறல் வந்தது.

கறுப்பு ஆயில் கொடகொடவென்று தட்டில் இறங்கியது. நாங்கள் இரண்டு பேரும் குனிந்து அதையே பார்த்தோம். வண்டிக்குப் பதினாலு வயசு. இந்தக் கன்னங்கரேலென்ற சனியனை வைத்துக்கொண்டா இத்தனை நாள் ஓடியது என்று எனக்கு அதன்மேல் பாவமாகக்கூட இருந்தது. போல்ட் வந்தது, அதன் செம்பு வாஷர் வந்தது. பில்டர்தான் வர மாட்டேன் என்று அடம்பிடித்தது. நண்டு தன் பெரிய குழாய் ஸ்பேனரைப் போட்டு ஒரு திருகு திருகினான். கிறீச்சென்று கழன்று அவன் மார்பில் விழுந்தது. விரிப்பில் வைக்கச் சொல்லி நீட்டினான், வைத்தேன். புதிய பில்டரின் ரப்பர் வளையத்தில் விரலால் ஆயில் தடவி, கையாலேயே திருகி மாட்டினான். பில்டர் பெட்டியிலேயே இருந்த புது வாஷரோடு போல்ட்டை முடுக்கினான். மேலே புனல் வைத்து என் கணவர் புது ஆயிலை ஊற்றினார், தேன் நிறத்தில். ஊற்றும்போது அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே! குழந்தைக்குப் பால் புகட்டுகிற மாதிரி.

மணி ஒன்று முப்பத்தைந்து. டெஸ்ட் ஆபீஸ் இருபத்தைந்து நிமிஷ தூரம். இரண்டே முக்காலுக்கு அங்கே இருக்கவேண்டும், ஒரு நிமிஷம் தாமதமானாலும் தோற்றதாகத்தான் எழுதுவார்கள்.

"முடிஞ்சுது!" நண்டு வெளியே ஊர்ந்து வந்தான். "ஸ்டார்ட் பண்ணுங்க மாமா."

அவர் சாவியை எடுத்தார்.

"இருங்க," என்றேன். "எண்ணிடறேன்."

"என்னத்தை எண்ணப் போற?"

"கழட்டினது. சேத்தது." விரிப்புக்கு முன்னால் உட்கார்ந்தேன். "பழைய வாஷர் ஒண்ணு. புதுசு போட்டாச்சு, சரி. பழைய பில்டர் ஒண்ணு. புதுசு போட்டாச்சு, சரி. புது பில்டர்ல ரப்பர் வளையம் ஒண்ணு போச்சு." பழைய பில்டரைத் திருப்பிப் பார்த்தேன். வளையம் உட்காரவேண்டிய பள்ளம் காலியாக இருந்தது. "பழைய வளையம் எங்க?"



"தட்டுல விழுந்திருக்கும்," என்றான் தம்பி. முழங்கை வரைக்கும் கறுப்பு ஆயிலில் விட்டுத் துழாவினான். குளத்தில் மோதிரம் தேடுகிற மாதிரி ஐந்து நிமிஷம். ஒன்றுமில்லை. விரிப்பை உதறினேன். காருக்கடியில் குனிந்து தரையெல்லாம் பார்த்தோம். இல்லை.

"அப்ப அது மேலயே, என்ஜின்லயே ஒட்டிட்டு இருக்கு," என்றேன். "அதுக்கு மேலதான் நீ புதுசை மாட்டியிருக்க."

நண்டு ஒரு நிமிஷம் யோசித்தான். யோசிக்கும்போது அவனுக்கு வாய் கொஞ்சம் திறந்துகொள்ளும். "இருந்தா என்ன அக்கா? ஒரு வாஷருக்கு ரெண்டு வாஷர். இன்னும் நல்லா அடைக்கும். நான் குழாய்ல ஒழுகினா ரெண்டுதான் போடுவேன். எந்த வீட்டுலயும் கம்ப்ளெயிண்ட் வந்ததில்லை."

"வராது, உன் போன்தான் எப்பவும் ஸ்விட்ச் ஆப்."

என் கணவர் வாட்சைப் பார்த்தார். முகம் வெளுத்திருந்தது. "இப்ப மறுபடி பில்டரைக் கழட்டினா முக்கால் மணி போயிடும். ஊத்தின ஆயிலும் கொட்டும். லேட்டாயிட்டா டெஸ்டே கிடையாது. ஸ்டார்ட் பண்ணிப் பாப்போமே? ஒழுகலைன்னா அப்படியே போயிடலாம். சாயங்காலம் வந்து நிதானமா பாத்துக்கலாம்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் கஷ்டம். எனக்கும் போகத்தான் ஆசை. ஒழுகாது, ஒன்றும் ஆகாது என்று யாராவது சொன்னால் நம்பிவிடத் தயாராக இருந்தேன். மூன்று தடவை தோற்ற வெட்கம் வேறு. அவர் முகத்தையும் தம்பி முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். போகலாமா என்று கேட்க வாய் வரைக்கும் வந்துவிட்டது.

கண் கீழே விரிப்புக்குப் போனது. வெள்ளைத் துணியில் வளையம் இல்லாத ஒரு பழைய பில்டர்.

"கழட்டு," என்றேன்.

"அக்கா, மணி..."

"கணக்கு சேரலை. சேராம மூட முடியாது. டெஸ்ட் போனாப் போகட்டும். கழட்டு."

தியேட்டர் குரல் அது. என் வீட்டு வாசலில் அதை நானே முதல் தடவையாகக் கேட்டேன். தம்பி மல்லாந்து படுத்து உள்ளே போனான். என் கணவர் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, தன் கட்சிக்கு ஏதாவது ஆதாரம் கிடைக்குமா என்று கையேட்டைப் புரட்டினார். படித்தவர்கள் வழக்கம்.

புரட்டியவர் அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன?"

"நூத்திப் பதிமூணாம் பக்கத்துக்கு அப்புறம் நூத்திப் பதினாறு வருது."

"அதனால?"

"ரெண்டு தாள் ஒட்டிட்டு இருக்கு. டப்பா வாங்கின அன்னைக்கே என் கையில பட்ட ஆயில்." கையுறையைக் கழற்றிவிட்டு, நகத்தால் மெதுவாகப் பிரித்தார். இருபத்தாறு வருஷமாக எத்தனையோ ஆயிரம் புத்தகத்தைக் கிழியாமல் பிரித்த கை. படித்தார், குரல் வரிக்கு வரி இறங்கிக்கொண்டே வந்தது. "'பழைய பில்டரின் ரப்பர் வளையம் என்ஜினில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று அவசியம் பார்க்கவும். இரண்டு வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தால், என்ஜின் ஓடத் தொடங்கியதும் ஆயில் முழுவதும் பீறிட்டு வெளியேறும். என்ஜின் நிரந்தரமாகப் பழுதாகும்.'"

ஒரு நூலகர் இரண்டு பக்கத்தைச் சேர்த்துப் புரட்டிவிட்டார். ஆயிலை விட அதுதான் அவரை அடித்தது. ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

அதே நேரம் அடியிலிருந்து ஒரு சத்தம். பில்டர் கழன்றதும் அதிலிருந்த ஆயில் அத்தனையும் நண்டின் தலையில் இறங்கிவிட்டது. "அய்யோ! வாயில! வாயில!" என்று துப்பினான். இரண்டு கால்களும் உதைத்துக்கொண்டன. பிறகு உதைப்பு நின்றது. நான் குனிந்து அடியில் எட்டிப் பார்த்தேன். ஒன்றுமில்லாததற்கா டெஸ்டைப் பலி கொடுத்துவிட்டேன்?

"அக்கா..."

"இருக்கா?"

காருக்கடியிலிருந்து ஒரு கை நீண்டது. அதன் மணிக்கட்டில், கறுப்பாக, சன்னமாக, ஒரு ரப்பர் வளையம் தொங்கியது.

"இந்தா, உனக்கு வளையல்," என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்த வேகத்தில் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது. அதை வாங்கி விரிப்பில் இடப்பக்கம் வைத்தேன். "பழைய வளையம் ஒண்ணு. கணக்கு சரி." என் கணவர் எழுந்து நின்று கைதட்டினார், யாரும் கேட்காமலே. எதிர்வீட்டு ஜன்னல் திறந்து மூடியது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேகம். அது வரைக்கும் மூன்று பேரும் மூன்று திசையில் இழுத்துக்கொண்டிருந்தோம். இப்போது நான் சொல்லச் சொல்ல நடந்தது. "துடை." துடைத்தான். "விரலை விட்டுத் தடவிப் பார். வழவழன்னு இருக்கா?" இருக்கு என்றான். "மாட்டு." மாட்டினான். "நீங்க மிச்சத்தை ஊத்துங்க. கம்பியைப் பாத்துப் பாத்து ஊத்துங்க." டப்பாவின் அடியில் மிச்சமிருந்த ஆயில், கொட்டியதற்குச் சரியாகப் போதுமாக இருந்தது. அடியில் பழைய செய்தித்தாளை விரித்தேன். "இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க."

ஸ்டார்ட் ஆனது. மஞ்சள் விளக்கு எரிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று வினாடி. அணைந்தது. ஐந்து நிமிஷம் ஓடவிட்டுச் செய்தித்தாளை இழுத்துப் பார்த்தோம். தலைப்புச் செய்தி சுத்தமாக இருந்தது, ஒரு சொட்டு இல்லை.

மணி இரண்டு பதினைந்து. முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு ஓட்டுகிற சீட்டில் போய் உட்கார்ந்தேன். சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. என் கணவர் பக்கத்தில். நண்டு, தலையெல்லாம் ஆயில் வழிய, பின்சீட்டில் செய்தித்தாள் விரித்து உட்கார்ந்துகொண்டான். "நீ எதுக்குடா?" என்றால், "ஒழுகினா யாரு பாப்பாங்க?" என்கிறான். ஊர்க்காரர்கள் பார்த்திருந்தால் யாரையோ கடத்திக்கொண்டு போகிறோம் என்று நினைத்திருப்பார்கள்.

இரண்டு நாற்பத்தொன்றுக்கு டெஸ்ட் ஆபீஸ்.

அதே பரிசோதகர். காதில் அதே பேனா. என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு களைப்பு வந்தது, நான் குறை சொல்லமாட்டேன். குனிந்து காருக்கடியில் பார்த்தார். சாவியைத் திருப்பச் சொல்லி விளக்கைப் பார்த்தார். ஏறி உட்கார்ந்தார்.

முதல் திருப்பம், இரண்டாவது திருப்பம். அவர் பேசவில்லை, நானும் பேசவில்லை. கண்ணாடி, சிக்னல், தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை, எல்லாம் ஆயிற்றா? ஆயிற்று. திரும்பு. அவ்வளவுதான். யாரிடமும் கேட்க ஒன்றுமே இல்லையே, இதற்கா நான் இத்தனை நாள் பயந்தேன் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

ரவுண்டானா வந்தது. ஒரு லாரி தூரத்தில். அதற்கு முன்னால் ஒரு வெள்ளைக் கார் வெளியே போகச் சிக்னல் போட்டிருந்தது. இடம் இருந்தது, போதுமான இடம். போனேன். சுற்றி வந்து மறுபக்கம் வெளியேறிய பிறகு அவர் பேனாவைக் காதிலிருந்து எடுத்தார்.

"போகலாம்னு யாரும்மா சொன்னது?" குரலில் சிரிப்பு இருந்தது.

"நான்தான் சார்."

எழுதினார். கடைசியில் வண்டியை நிறுத்தி நான் சாவியை எடுத்ததும் தாளைக் கிழித்துக் கொடுத்தார். அன்றே கவுன்டரில் தற்காலிக லைசென்ஸ் தாள் அச்சடித்துக் கொடுத்தார்கள், சூடாக. வெளியே பெஞ்சில் இருந்த என் ஆட்கள் இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தே எழுந்துவிட்டார்கள். நண்டு ஓடிவந்து என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். என் நல்ல சட்டை முழுக்க ஆயில். திட்ட வாயைத் திறந்தேன், சிரிப்புதான் வந்தது. அந்தச் சட்டை பிறகு வெளுக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து, பசியில் பாத்திரத்தோடு வைத்துச் சாப்பிட்டோம். நண்டு மூன்று முறை குளித்தும் தலையணைக்கு லாயக்கில்லாதவனாக இருந்தான். என் கணவர் கையேட்டின் அந்த இரண்டு பக்கத்துக்கும் நடுவில் பேப்பர் வைத்துக் காயப்போட்டுவிட்டு, நூற்றுப் பதினாலையும் பதினைந்தையும் மறுபடி படித்துக்கொண்டிருந்தார்.

ஆறு மணிக்குப் போன் அடித்தது. ஆஸ்பத்திரி. விபத்துக் கேஸ், உடனே வரவேண்டும்.

என் கணவர் போனைக் கேட்டதும் எழுந்து, சட்டையை மாட்டி, சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். யோசித்துச் செய்ததில்லை. கால் பழக்கம். நான் பின்னாலேயே போய்க் கையை நீட்டினேன். அவருக்குப் புரிய இரண்டு வினாடி ஆனது. சாவியை என் உள்ளங்கையில் வைத்தார். வைத்த பிறகும் விரலை எடுக்கவில்லை.

"பெட்ரோல் பாதி இருக்கு," என்றார்.

"பாத்தேன்."

"பாலத்துக்கிட்ட ரோடு சரியில்லை."

"தெரியும்ங்க."

விட்டார்.

தனியாக அந்தக் காருக்குள் நான் உட்கார்ந்ததே இல்லை. பக்கத்து சீட் காலியாக இருந்தது. முதல் சிக்னலில் பழக்கத்தில் அந்தப் பக்கம் திரும்பி ஏதோ சொல்லப் போனேன், யாருமில்லை. எனக்குப் பயமாக இல்லை. பச்சை விழுந்ததும் போனேன். பாலத்தில் மெதுவாக்கினேன், ஒரு பஸ்ஸை முந்தினேன், சந்தோஷத்தில் சத்தமாக ஒரு பாட்டின் பாதி வரியைப் பாடினேன். பதினாலு நிமிஷத்தில் ஆஸ்பத்திரி.

கேட்டில் இருந்த காவலாளி வழக்கம்போல ஓடிவந்து நான் எப்போதும் இறங்கும் பக்கத்துக் கதவைத் திறக்கப் போய், சீட் காலியாக இருப்பதைப் பார்த்துத் திகைத்து, சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார். "சார் வரலையாம்மா?"

"நானே வந்துட்டேன்," என்றேன். சொல்லிவிட்டு அவருக்கு லைசென்ஸ் தாளையும் காட்டினேன். அவர் கேட்கவில்லை.

போகிற வழியில் ஆபீஸ் மேசையில் அந்தத் தாளின் நகலை எடுத்து, என் விண்ணப்பத்தோடு வைத்துக் கொடுத்தேன். லிஃப்ட் வர இன்னும் அரை நிமிஷம் இருந்தது. வீட்டுக்குப் போன் போட்டேன். முதல் மணி முழுசாக அடிக்கும் முன்னாலேயே எடுத்தார்.

"வந்துட்டேன்."

"ம்."

"என்ன பண்றீங்க?"

"ஒண்ணுமில்லை. வாசல்லதான் நிக்கிறேன்."

"இன்னுமா? உள்ள போய் உக்காருங்களேன்."

 "ஒன்பது வருஷமா நீ உள்ள போனதுக்கப்புறம் கார்லதானே உக்காந்திருப்பேன்," என்றார். "இப்ப எங்க உக்காரணும்னே தெரியலை."

லிஃப்ட் திறந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது, சிரிப்பும் வந்தது. "வீட்டுல உக்காருங்க. நான் வந்து எழுப்பறேன்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.